குழாய் அசைந்தால்

ஜனவரி 8

இல்லை, பிள்ளையைப் பயமுறுத்தாமல் சொல்ல முடியும். அதனால்தான் நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கேட்டவர் டாக்டர் கிருபாபாய். "குழந்தைட்ட யாராவது சொல்லியாச்சா?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரின் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானுடையது இப்போது அப்படி இல்லை. தழும்பேறிக் கெட்டியாகிவிட்டது. பஞ்சாக இருந்தது நாராகிவிட்டது. காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். திரும்பப் பஞ்சாகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். டிசம்பரில் வீட்டுக்கு வந்த ஆக்சிஜன் இயந்திரமும் அவசரச் சிலிண்டரும் இனி எப்போதும். தூங்கும்போதும், விழித்திருக்கும்போதும்.

அக்கா மகள் எமிக்கு ஐந்து வயது. அப்பா கடலுக்குப் போகாததைப் பார்க்கிறாள். மூக்கில் குழாயோடு வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோவில் அக்கா: "அது சின்னப் பிள்ள, அதுட்ட என்னத்தச் சொல்ல? எனக்கு வாய் வராதுளா. நீதான் காலேஜ்ல பாடம் நடத்தப் போறவ. நீயே சொல்லிரு."

சரி என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முனைவர் பட்ட ஆய்வை நடுவில் நிறுத்திவிட்டு இந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு வேலை.

ஜனவரி 9

சொல்லிவிட்டேன். நன்றாக வந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கிறது. காற்று அதில் உள்ள தண்ணீர் வழியாகப் போய் ஈரமாகி, குழாயில் ஏறுகிறது. விடாமல் குமிழி. எமி தரையில் குப்புறப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இதுக்குள்ள யாரு மூச்சு விடுதா?"

அவள் சங்குகுளிக்காரர் மகள். அப்பா கடலடியில் சங்கு பொறுக்கும்போது வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், குழாய் வழியாகக் காற்று போகும், மேலே குமிழி வரும் என்பதெல்லாம் அவளுக்குப் பால்குடி மறக்கும்முன்பே தெரியும். நான் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

"அப்பா இப்ப கடலுக்கு அடியில இருக்க மாதிரிளா. இதுதான் கம்ப்ரசர். இந்தக் குழாய் வழியாத்தான் காத்து போகுது. யாரும் மிதிக்கக் கூடாது, மடக்கக் கூடாது. என்ன?"

அவள் குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்து போனாள். இயந்திரத்திலிருந்து, கதவு நிலையைத் தாண்டி, கட்டில் வரை. பிறகு தலையை ஆட்டினாள். பயம் இல்லை. முகத்தில் ஒரு பொறுப்பு வந்து உட்கார்ந்தது.

ஜனவரி 11

வீட்டில் எமியின் ஆட்சி. "ஏய், பாத்து வாங்க! குழாய மிதிக்காதிய! அப்பா அடியில கெடக்காவ!"

மாவு கொடுக்க வந்த சந்தனச்செல்வி அக்கா ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். தெருமுனையில் கடை வைத்திருப்பவள். யாருக்கும் வாய் அடங்காதவள். "எந்த அடியிலளா கெடக்காவ உங்கப்பா? கட்டிலுக்கு அடியிலயா?"

மச்சான் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது, இருமல் அடங்கியது, மறுபடி சிரித்தார். டிசம்பருக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதை நான்தான் உண்டாக்கினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13

ஷாம் அண்ணன் விளமீன் கொண்டுவந்தான். எங்கள் சித்தப்பா மகன். மச்சான் கடலில் இறங்கும்போதெல்லாம் வள்ளத்தில் இருந்து குழாயைப் பிடித்தவன் அவன்தான். இங்கே அது அப்படித்தான். குழாய் பிடிக்கும் ஆள் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அவள் வழிப் பங்காளியாவது. தன் அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் சம்மதிக்கமாட்டான் அல்லவா.

"என்ன மச்சான், ஓசிக் காத்தா? வள்ளத்துல நான் டீசல் ஊத்தி ஊத்திக் குடுத்தேன், இங்க கரண்டு பில்லு எங்க அக்கா கட்டுதா."

"போலே," என்றார் மச்சான்.

எமி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, அடியில அப்பா குழாய ஆட்டுனா என்ன செய்வீய?"

"இழுத்துருவேன் தாயி."

"ஏன்னு கேக்க மாட்டியளா?"

"கேக்கதுக்கு அங்க யாரு இருக்கா? யோசிக்கவே கூடாது. நீ யோசிச்சுகிட்டு நிக்க நேரத்துல ஆளு போயிருவான். குழாய் ஆடுச்சா, இழு. அம்புட்டுதான்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பேச்சு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 18

மருந்து வாங்கப் போனபோது எமியிடம் சொன்ன கடல் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "சனிக்கிழமை வார்டுக்கு நிறையப் பிள்ளைங்க வரும், அம்மா அப்பாவப் பாக்க. வராந்தாவுல சும்மா ஓடிகிட்டு கெடக்கும். அதுங்களுக்கும் சொல்லுங்களேன்."

இன்றே சனிக்கிழமை. வராந்தாவில் உட்காரவைத்துச் சொன்னேன். மாஸ்க், குழாய், சிலிண்டர், குமிழி. கையால் மீன் காட்டினேன். நன்றாகக் கேட்டார்கள்.

ஒரு சிறுமி மட்டும் — பானுப்ரியா, ஆறுமுகநேரி, அம்மா உப்பளத்தில் வேலை செய்தவள் — "எங்கம்மா கடலுக்குள்ள எறங்குனதே இல்லயே அக்கா" என்றாள்.

"அப்ப கிணறுன்னு வச்சுக்கோ."

"எப்ப மேல வருவாவ?"

"டாக்டர் சொல்லும்போது."

எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜனவரி 21

சாயங்காலம். மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். நான் அடுத்த அறையில். போனில் வராந்தா கதையை நண்பர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பாட்டில் உடையும் சத்தம். இயந்திரம் கத்துகிறது. ஓடினேன் — அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில். மூக்கில் ஒன்றுமில்லை. வாய் திறந்து திறந்து மூடுகிறது. உதடு நீலம். கண் என்னைப் பார்க்கிறது, நான் என்ன செய்யணும், எனக்குத் தெரியல, சிலிண்டர் எங்க, ஐயோ மாதாவே, சிலிண்டர் எங்கன வச்சா இவ —

எமி வாசல் நிலையில் குழாயின் நடுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கையாலும். மூச்சிரைக்கிறாள்.

"குழாய் ஆடிச்சு சித்தி. நான் இழுத்துட்டேன். அப்பா மேல வந்துட்டாவளா?"

அக்கா ஓடி வந்தாள். பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். எமி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சிலிண்டரை உருட்டிவந்து குழாயை மாட்டினாள், நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது ஒரு நல்ல காரணமாக இருந்தது.

ஜனவரி 22

வார்டில் இருக்கிறார். இறுக்கமான மாஸ்க், பெரிய இயந்திரம். இருக்கிறார்.

டாக்டர் கேட்டார். "குழாய் எப்படிக் கழண்டுச்சு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன். "தூக்கத்துல இழுத்துட்டாவ போல டாக்டர்."

மூச்சுக்குத் தவித்த மனிதன்மேலேயே பழி. அவரால் மறுக்க முடியாது, முகத்தில் மாஸ்க்.

வெளியே வந்ததும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேள சொன்ன. எம்பிள்ளைய காட்டிக் குடுக்காம இருந்தியே." கண் கலங்கியிருந்தது.

நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஜனவரி 23

போனில் அந்தக் கதையை அழித்தேன். அழித்ததால் என்ன.

ஜனவரி 25

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்பைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போவது இப்போது ஒரு பயணம். இடையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

எமி அந்த அறைக்குள் போவதில்லை. வாசல் வரை வருகிறாள், குழாய் கிடக்கும் இடம் வந்ததும் நின்றுவிடுகிறாள். எப்போதும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடவும் கையை எடுப்பதில்லை. "ஊட்டி விடு."

"செய்யதையும் செஞ்சிட்டு, என்ன அழுத்தம் பாரு இவளுக்கு," என்கிறாள் அக்கா. சொல்லிக்கொண்டே ஊட்டுகிறாள்.

உள்ளேயிருந்து குரல். "எமி... ஏ... எமிளா..." ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு முழு மூச்சு செலவாகிறது. அவள் கேட்காததுபோல் இருக்கிறாள்.

ஜனவரி 27

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்று ஒரு நம்பிக்கை, அதுவும் படித்த திமிர்தானோ.

அவர் தூக்கத்தில் புரண்டிருக்கிறார். குழாய் அசைந்திருக்கிறது. வள்ளத்தில் இருப்பவள் யோசிக்கக் கூடாது. யோசிக்கவில்லை. அந்த வீட்டில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தது அவள் ஒருத்திதான்.

"மாதிரி" என்று சொன்னேனே. சொன்னேன். அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

ஆனால் இதுவல்ல கேவலம். வேறு ஒன்று இருக்கிறது. கடலுக்கு அடியில் இருப்பவர் மேலே வருவார். அது தெரியாமலா அந்த உருவகத்தை எடுத்தேன்? டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், திரும்பாது என்று. பிள்ளைக்குச் சொல்லத் துணிவில்லாத ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமலே சொல்லி முடித்த மாதிரி ஆக்கித் தந்தது அந்தக் கடல். நான் எமிக்காகக் கண்டுபிடித்ததல்ல அது. எனக்காக.

அவள் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? நான் இழுத்தேன், அப்பா மேலே வரவில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டார். அப்படித்தான் நினைப்பாள். வேறெப்படி நினைப்பாள்?

அவர் எவ்வளவு காலம் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 28

காலையில் மச்சானிடம் சொன்னேன். அவரே கேட்டார். "பிள்ள... ஏன்... வரமாட்டேங்கா?"

முழுவதும் சொன்னேன். வராந்தா உட்பட. டாக்டரிடம் அவர்மேல் பழி போட்டது உட்பட. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சிரித்தார். "ஷாம் பய... ஒருநாளும்... இம்புட்டு வேகமா... இழுத்ததில்ல."

இருமி, ஓய்ந்து, கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"மேல வருவேன்னு... நீயா சொன்ன?"

"ஆமா மச்சான்."

"அத... சொல்லிருக்க... வேண்டாம்."

அவ்வளவுதான்.

அக்காவிடம் அடுக்களையில் வைத்துச் சொன்னேன். மீன் உரசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அவ சொன்னது ஒனக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன் இழுத்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டா, எம்பிள்ளைய நான் அடிக்கதப் பாத்துகிட்டு நின்ன?"

அவள் மறுபடி மீனை எடுத்து உரசினாள். மத்தியானம் தட்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் கூசியது. சாயங்காலம் வரை பட்டினி. இதை எழுதுவதுகூட யாரோ பாவம் பார்ப்பார்கள் என்றுதானோ.

ஜனவரி 29

எமியிடம் சொன்னோம்.

என்ன ஆனாலும் உவமை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயைத் தாண்டி உள்ளே போனேன். உடம்பு விறைத்துவிட்டது அவளுக்கு. அக்கா வாசலிலேயே நின்றாள்.

மச்சானின் பாதத்தில் பாறை கீறிய பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டினேன்.

"இது ஆறிட்டா?" என்றாள்.

"ஆறிட்டு. ஆனா பழைய தோலா ஆகாது. தொட்டுப் பாரு."

கை வரவில்லை. காத்திருந்தேன். மச்சான் கால்விரலை ஆட்டினார். ஒரு விரல் மட்டும் வெளியே வந்தது. தொட்டாள்.

"கட்டியா இருக்கு."

"அப்பா நெஞ்சுக்குள்ளயும் தழும்பு இருக்கு. இதே மாதிரி இல்ல, இதேதான். கட்டியா இருக்கதுனால விரிய மாட்டேங்கு. காத்து கொஞ்சமாத்தான் போகுது. அதான் மூச்சு முட்டுது. மிஷின் நல்ல காத்தக் கூடக் கொஞ்சம் குடுக்கு. குழாய் மூக்குல இருந்தா லேசா இருக்கும். எடுத்தா கஷ்டம்."

"அந்தத் தழும்பு போயிருமா?"

"போகாது."

வாசலில் அக்கா ஏதோ சத்தம் எழுப்பினாள்.

எமி ரொம்ப நேரம் அந்தப் பாதத்தையே பார்த்தாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி: "நான் இழுத்ததுனால வந்ததா?"

"இல்ல. நீ இழுக்கதுக்கு ரொம்ப முன்னாலயே வந்துட்டு. நீ இழுத்தது நான் தப்பாச் சொன்னதுனால. அப்பா கடலுக்கு அடியில இல்ல. நாந்தான் அப்படிச் சொன்னேன். தப்பு எம்மேலதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி: "அம்மா, சித்திய அடி."

அக்கா வந்து அடித்தாள். முதுகில், ஒன்று. விளையாட்டுக்கு ஓங்கிய கைதான், விழும்போது விளையாட்டாக விழவில்லை. அடித்துவிட்டு அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கிடந்தார்.

"அப்ப அப்பா எங்க இருக்காவ?"

"இந்தா, கட்டில்லதான்."

"நான் ஏறலாமா?"

"குழாய் அந்தப் பக்கம் கெடக்கு. இந்தப் பக்கமா ஏறு."

ஏறினாள். அவர் விலாவோடு ஒட்டிப் படுத்தாள். கை இரண்டும் வெளியே இருந்தன.

"கடலுக்குப் போகமாட்டியளா?"

"இனிமே... போகமாட்டேன் தாயி. இங்கனயே... இருப்பேன்."

"எப்பமுமா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் விட்டுவிட்டார்.

"எவ்வளவு நாளுன்னு தெரியல எமி. அப்பாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒன்ட்ட சொல்லுவேன்."

"மொதல்ல என்ட்ட சொல்லணும்," என்றாள்.

ஜனவரி 31

டாக்டரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அவர்: "நாளைக்கு சனிக்கிழமை. அந்தப் பிள்ளைங்கட்டயும் சொல்லணும்ல? வந்துருங்க." வையவில்லை. வைவதற்கு நேரமில்லாத குரல்.

எமி காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்முன் அப்பாவின் கன்னத்தில் குழாய் அழுத்திய கோட்டைத் தடவிவிட்டுப் போனாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அக்காவும்தான்.

பிப்ரவரி 1

வராந்தாவில் சில முகங்கள் புதியவை. சில முகங்கள் இல்லை. ஏன் என்று நர்ஸிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். போன தடவை சொன்னது தவறு. யாரும் கடலுக்கு அடியில் இல்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நெஞ்சுக்குள் நோய் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய். சிலருக்கு முழுவதும் குணமாகும், சிலருக்கு ஆகாது. குழாயையும் மாஸ்க்கையும் நீங்களாக எடுக்கக் கூடாது, ஏதாவது என்றால் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். உங்களால் எதுவும் வரவில்லை.

கை தட்டவில்லை யாரும். ஒரு பையன், "மீன் காட்டுங்கக்கா" என்றான். மீன் இல்லை என்றேன்.

பானுப்ரியா மட்டும் எழுந்து வந்தாள். "அப்ப கிணறும் இல்லயா?"

"கிணறும் இல்ல."

அவள் முகம் மாறியது. "நான் எங்க தங்கச்சிட்ட கிணறுன்னு சொல்லிட்டேனே அக்கா. அவ எங்க வீட்டுக் கிணத்துக்குள்ள எட்டி எட்டிப் பாத்துகிட்டே இருக்கா. அம்மாவக் கூப்பிடுதா."

அவள் அப்பா லிங்கராஜ் வார்டுக்குள் மனைவி பக்கத்தில் இருந்தார். போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வீட்டில் சின்னவளைப் பார்த்துக்கொள்ளும் தன் தங்கைக்குப் போன் போட்டார். "ஏளா, சின்னவ எங்க? ஒன் பக்கத்துலயா? கையப் பிடிச்சுக்க. கிணத்து மேல அந்தத் தகரத்தப் போடு. இப்பவே போடு. அப்புறம் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "சும்மா இருந்த பிள்ளைங்கட்ட என்னத்தம்மா சொல்லி வச்சிய?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி. நான் போய்ச் சொல்லிக்கிடுதேன். நீங்க போங்க."

"இல்ல அண்ணாச்சி. சொன்னது நான். நானே வந்து சொல்லுதேன்."

வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பானுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்காவுக்குப் போன் செய்து, வர நேரமாகும், எமியிடம் சொல்லிவிடு என்றேன். பிறகு அவர்கள் பின்னால் போய் ஆறுமுகநேரி பஸ்ஸில் ஏறினேன்.